மானுக்குக் கேட்காத காலடி: முண்டந்துறைக் கணக்கெடுப்புக்கு எந்த பூட் சரி?

அம்பைவாத்தியார்

எல்லோருக்கும் வணக்கம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் தை மாதம் நடக்கிற கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் பெயர் கொடுத்திருந்தேன். முண்டந்துறை சரகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் 3 நாள் தடம், எச்சம், நகக்கீறல் பார்த்து நடக்க வேண்டும். அடுத்த 3 நாள் காலையில் 2 கிலோமீட்டர் நேர்கோட்டுப் பாதையில் நடந்து புள்ளிமான், மிளா, காட்டுமாடு எல்லாம் எண்ண வேண்டும். சத்தமில்லாமல் நடக்கத் தெரிய வேண்டும் என்று கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

அதற்காக இணையத்தில் தேடி, வெளிநாட்டில் மான் வேட்டைக்காரர்கள் போடுகிற மாதிரி ஒரு பூட் வாங்கினேன். கணுக்காலுக்கு மேல் வரும், தோல், தண்ணீர் புகாது, அடியில் ஆழமான பள்ளம் வெட்டின ரப்பர். 9,000 ரூபாய் ஆனது. ஊருக்குப் பின்னால் இருக்கிற பொத்தையில் போட்டு நடந்து பார்த்தேன். பாறையில் ஒவ்வொரு அடிக்கும் டக் டக் என்கிறது. வலது கால் மடங்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம். 50 அடி தூரத்தில் மேய்ந்த மயில்கள் நான் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டன. ஒரு மணி நேரத்தில் உள்ளே கால் வெந்துவிட்டது.

எனக்கு மூன்று விஷயம் வேண்டும். ஆறு நாள் நடந்தாலும் கால் புண்ணாகக் கூடாது. சத்தம் வரக் கூடாது. இரண்டு மூன்று வருடமாவது உழைக்க வேண்டும். வேட்டைக்கு இல்லை, எண்ணுவதற்குத்தான். ஆனால் மானை நெருங்குகிற வித்தை இரண்டுக்கும் ஒன்றுதானே. காட்டில் நடந்து பழகினவர்கள் சொல்லுங்கள்.

சேர்வலாறு

தம்பி, நான் வனத்துறையில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் காரையாறு, சேர்வலாறு, முண்டந்துறைப் பக்கம்தான். கேட்டதற்குச் சந்தோஷம். நிறைய பேர் கேட்காமலே வந்து, இரண்டாம் நாள் கொப்புளத்தோடு முகாமில் உட்கார்ந்துவிடுவார்கள்.

முதலில் தரையைச் சொல்கிறேன். பூட்டைத் தரைதான் முடிவு பண்ண வேண்டும். முண்டந்துறை மேட்டுச் சமவெளியில் ஆளுயரப் புல், சரளை, காய்ந்த இலை. சேர்வலாற்றுக் கரையில் உருண்டைப் பாறை, பாசி. அப்படியே ஏறினால் ஈரக்காடு, வேர், சேறு, அட்டை. ஒரே நாளில் இந்த மூன்றையும் மிதிப்பாய். தினமும் குறைந்தது இரண்டு தடவை ஓடையைக் கடக்க வேண்டும், முழங்கால் வரைக்கும் தண்ணீர் வரும். அங்கே தண்ணீர் புகாத பூட் என்ன ஆகும்? மேல்வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி கிடையாது. சாயங்காலம் வரை காலில் இரண்டு குடம் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரிதான். ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று கேட்கும்.

நாங்கள் போட்டது ஹண்டர் ஷூ. கடையில் அந்தப் பெயரைச் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள். பச்சை கேன்வாஸ் துணி, கணுக்கால் மூடும், அடியில் மெல்லிய ரப்பர். உன் பூட் விலையில் ஏழெட்டு ஜோடி வாங்கலாம். தண்ணீரில் இறங்கினால் நனையும், ஏறி அரை மணி நடந்தால் பாதி வடிந்துவிடும். அடி மெல்லிசாக இருப்பதால் சுள்ளி காலுக்குக் கீழே வந்ததும் தெரியும். பாரம் முழுதாக இறங்குவதற்கு முன் காலை எடுத்துவிடலாம். தடித்த அடியில் அது தெரியாது. சுள்ளி முறிந்து சத்தம் வந்த பிறகுதான் உனக்கே தெரியும். அதற்குள் மிளா காதைத் திருப்பியிருக்கும்.

உழைப்பைக் கேட்டாய். ஹண்டர் ஷூ ஒரு வருடம் வரும், அவ்வளவுதான். அதை நான் குறையாக நினைக்கவில்லை.

வல்லநாட்டுக்காரி

சேர்வலாறு அண்ணாச்சி சொல்வது மலைக்குச் சரி. சமவெளி முள்காட்டுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் எட்டு வருடமாக வல்லநாட்டில் வெளிமான் பார்க்கிறேன், அனுமதி வாங்கித்தான். 1987இல் சரணாலயமாக அறிவித்த இடம். 16 சதுர கிலோமீட்டர்தான், ஒரே மலையும் அதைச் சுற்றின முள்காடும். இயற்கையாக வெளிமான் வாழ்கிற இடங்களில் இதுதான் தென்கோடி. அங்கே மெல்லிய ரப்பர் அடி போட்டுப் போனால் உடைமுள் நேராகப் பாதத்தில் ஏறும். குடைவேல் முள்ளைப் பார்த்திருப்பீர்கள், வெள்ளை வெளேரென்று ஊசி மாதிரி இரண்டங்குலம் இருக்கும். சீமைக்கருவேல் அதைவிட மோசம், உள்ளே முறிந்து தங்கி சீழ் வைக்கும். முதல் வருடம் நுரை அடி போட்ட ஓட்டக்காரர் ஷூவோடு போய் ஒரே காலையில் நாலு முள் எடுத்தேன். நுரை அடி சத்தமில்லாததுதான், பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் முள்ளுக்கும் அது பஞ்சுதான்.

அங்கே ஆடு மேய்க்கிறவர்களைப் பாருங்கள். எல்லோரும் டயர் செருப்பு. லாரி டயரில் வெட்டினது, எந்த முள்ளும் ஏறாது. ஆனால் சரளையில் சத்தம் வரும். அவர்களுக்கு அது பிரச்சினை இல்லை. எனக்குப் பிரச்சினை. வெளிமான் திறந்த வெளியில் நிற்கிற பிராணி, கண்ணால்தான் முதலில் நம்மைக் கண்டுபிடிக்கும், காது அதற்கப்புறம். முண்டந்துறையில் உங்களுக்கு நேர்மாறு. புல்லுக்குள் மானுக்கும் கண் தெரியாது, காதையும் மூக்கையும் வைத்துத்தான் பிழைக்கிறது.

நான் கடைசியில் வந்து நின்ற வழி: கேன்வாஸ் ஷூ. அதன் உள்தகட்டை எடுத்துவிட்டு, அதே அளவில் 3 மில்லிமீட்டர் எருமைத்தோல் வெட்டிப் போட்டு, அதற்கு மேல் பழைய உள்தகட்டை வைத்தேன். முள் பாதி வழியில் நிற்கும். அடி கொஞ்சம் விறைப்பாகும், ஆனால் ஒரு வாரத்தில் தோல் காலுக்குப் படிந்துவிடும்.

இன்னொன்று. அம்பைவாத்தியார் பூட்டில் நீலம் ஏதாவது இருக்கிறதா? மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிகிற மாதிரி தனியாகத் தெரியாது. நீலம் நன்றாகத் தெரியும். வெளிநாட்டில் வேட்டைக்காரர்கள் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டை போட்டு மானை ஏமாற்ற முடிவது அதனால்தான். நீல லேஸ் இருந்தால் முதலில் மாற்றுங்கள்.

அம்பைவாத்தியார்

லேஸ் நீலம்தான் அக்கா. இன்றே மாற்றுகிறேன்.

இன்வெர்னஸ்நெல்லை

வாத்தியார் வாங்கின பூட் எந்த ஊருக்குச் செய்ததோ அந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை, இப்போது ஸ்காட்லாந்தின் வடக்கே ஒரு எஸ்டேட்டில் அலுவலக வேலை. இங்கே செம்மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. மானைத் தின்ன ஓநாய் இங்கே சில நூற்றாண்டுக்கு முன்பே அற்றுப்போயிற்று. மான் பெருகி இளமரத்தை எல்லாம் மேய்ந்துவிடுகிறது. அதனால் எண்ணிக்கையைக் குறைக்கச் சுடுகிறார்கள். நான் சுடுவதில்லை. ஆனால் இரண்டு பருவம் எங்கள் ஸ்டாக்கருடன் மலையில் நடந்திருக்கிறேன். ஸ்டாக்கர் என்றால் வேட்டைக்கு வருகிறவரை மானிடம் கூட்டிப் போகிறவர், மலை முழுக்க அவர் கைக்குள் இருக்கும்.

இங்கே தரை என்பது ஊறின பஞ்சு. பீட் என்கிற கருப்புச் சேறு, மேலே ஹெதர் என்கிற குட்டைச் செடி. மரமே இல்லாத மலையை 'மான் காடு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆகஸ்டிலேயே குளிரும், வருடம் முழுக்க ஈரம். கால் நனைந்தால் விறைத்துப் போகும். அதனால்தான் இங்கே தடித்த தோல், உள்ளே நீர்புகாச் சவ்வு, விறைப்பான அடி, ஆழமான பள்ளம். சரிவில் ஒரு விளிம்பை மட்டும் ஊன்றி ஏற விறைப்பு வேண்டும். சுட்ட மானை இழுத்துக்கொண்டு இறங்க வேண்டும், சில எஸ்டேட்டுகளில் இன்னும் குதிரையில் ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். அந்தப் பாரத்துக்கும் விறைப்பு வேண்டும்.

சத்தம் இங்கே பெரிய தொல்லை இல்லை, பஞ்சு மாதிரித் தரை விழுங்கிவிடும். பாறைச் சரிவில் மட்டும் கவனம். கடைசி 200 மீட்டர் எப்படியும் வயிற்றில்தான் ஊர்ந்து போவோம், பூட் எதுவானால் என்ன? காற்றுத்தான் இங்கே எல்லாம். காற்று நம் பின்னாலிருந்து அடித்தால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் மந்தை தலையைத் தூக்கும்.

அந்த நீர்புகாச் சவ்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்டெக்ஸ் என்கிற சவ்வு 1969இல் அமெரிக்காவில் கண்டுபிடித்தது. உள்ளே சூடும் ஈரமும் அதிகம், வெளியே குளிரும் வறட்சியும் என்றால் வியர்வை ஆவியாகச் சவ்வு வழியே வெளியேறும். அம்பாசமுத்திரத்தில் வெளியிலும் அதே புழுக்கம். ஆவி எங்கே போகும்? கால் வெந்ததற்குக் காரணம் அதுதான். பூட்டில் குறை இல்லை, அது வேறு மண்ணுக்குப் பிறந்தது.

மேலப்பாளையம்தோல்

நான் ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் 14 வருடம் அடி ஒட்டும் பிரிவில் இருந்தேன். இப்போது மேலப்பாளையத்தில் சொந்தமாகப் பழுது பார்க்கும் கடை. வாத்தியார் பூட்டின் கீச்சுச் சத்தத்துக்கு மட்டும் முதலில் வருகிறேன், அது சரி பண்ணக்கூடியது.

பூட் கீச்சிட நாலு இடம் உண்டு. உள்தகடும் அடித்தகடும் உரசுவது, நாக்கும் லேஸ் போகிற தோலும் உரசுவது, குதிகால் கிண்ணம் தளர்வது, அடி ஒட்டின பசை ஒரு ஓரத்தில் விட்டுப் போவது. எது என்று கண்டுபிடிக்க பூட்டைக் கையில் எடுத்து மடக்குங்கள், காலில் போட்டுக்கொண்டு வேண்டாம். கையில் சத்தம் வரவில்லை என்றால் உள்தகடுதான். அதை எடுத்துக் கீழே கொஞ்சம் முகப்பவுடர் தூவி வையுங்கள், போய்விடும். நாக்கு என்றால் அதன் ஓரத்தில் மெழுகு தேய்க்க வேண்டும். கையில் மடக்கும்போதே சத்தம் வந்து, அடி ஓரத்தில் நகம் நுழைகிறது என்றால் பசை விட்டிருக்கிறது, கடைக்குத்தான் கொண்டு வர வேண்டும்.

பாறையில் டக் டக் என்பது வேறு. அது ரப்பரின் கெட்டித்தனம். கட்டை விரல் நகத்தால் அடியை அழுத்துங்கள். நகம் பதிந்து மெல்ல எழுந்தால் மென்ரப்பர், சத்தம் குறைவு, தேய்வது சீக்கிரம். பதியவே இல்லை என்றால் கெட்டி, நாள்பட உழைக்கும், ஆனால் பாறையில் குளம்பு மாதிரிப் பேசும். அமைதியும் உழைப்பும் ஒரே ரப்பரில் முழுதாகக் கிடைக்காது. கடைக்காரர் கிடைக்கும் என்றால் நம்பாதீர்கள். அந்த ஆழமான பள்ளமும் நம் சரளைக்குப் பொருந்தாது. பள்ளம் வெட்டின ரப்பர் அடி ஆல்ப்ஸ் மலையில் பிறந்தது. 1935இல் கூட்டாளிகள் ஆறு பேரை மலையில் பறிகொடுத்த இத்தாலியர் விட்டாலே பிரமானி, வழுக்காத அடி வேண்டும் என்று செய்து, 1937இல் காப்புரிமை வாங்கினார். அவர் பெயரைச் சுருக்கித்தான் அந்த அடிக்கு விப்ரம் என்று பெயர். பனிக்கும் ஈரப்பாறைக்கும் அருமை. நம் ஊரில் அந்தப் பள்ளத்தில் கூழாங்கல் சிக்கிக்கொள்ளும். சிக்கின கல்தான் பாதி டக் டக். போவதற்கு முன் ஒரு குச்சியால் நெம்பி எடுத்துப் பாருங்கள், உங்களுக்கே வித்தியாசம் கேட்கும்.

உழைப்பைப் பற்றி எல்லோரும் ஏமாறுகிற ஒன்று: பாலியூரிதேன் நடு அடி. மெத்தென்று இருக்கும், கடையில் எல்லோருக்கும் பிடிக்கும். காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சி, சில வருடத்தில் தானாகவே பொரிந்து உதிரும். போடாமல் பெட்டியில் வைத்தாலும் உதிரும், போடாமல் வைத்தால் இன்னும் சீக்கிரம். புதுசு மாதிரி இருக்கிற பூட்டைப் பத்திரமாகப் பாலித்தீன் பையில் கட்டி வைத்து, நாலு வருடம் கழித்து எடுத்து நடந்தால் அடி தனியாக வந்துவிடும். மாதம் ஒரு தடவை என் கடைக்கு இப்படி ஒன்று வரும். தைத்த அடி என்றால் அடியை மட்டும் மாற்றலாம். ஒட்டின அடியும் மாற்றலாம், ஆனால் கூலி அதிகம், பழைய பிடிப்பு வராது.

வல்லநாட்டு அக்கா சொன்ன எருமைத்தோல் உள்தகடு நல்ல யோசனை. ஓரத்தைச் சீவி மெல்லிசாக்க வேண்டும், இல்லையென்றால் விரலடியில் அறுக்கும்.

மணிமுத்தாறு_மழை

அட்டையை யாருமே சொல்லவில்லை! மழை முடிந்த கையோடு போகிறீர்கள். நாலுமுக்கு, ஊத்து, கக்காச்சிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை விட்ட பிறகு இலைக்கு ஒன்று நிற்கும். எந்த பூட்டும் தடுக்காது, லேஸ் துளை வழியாகவே போய்விடும். அட்டைச் சாக்ஸ் என்று நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் முழங்கால் வரை தைத்துத் தருகிறார்கள். சாதாரண சாக்ஸுக்கு மேல் அதைப் போட்டு, அதற்கு மேல் ஷூ. நான் தையல்காரரிடம் கெட்டிக் காடாத்துணி கொடுத்துத் தைத்துக்கொண்டேன். ஷூவுக்கு மேல் காலைச் சுற்றிக் கட்டுகிற நைலான் கெய்ட்டர் வாங்கிவிடாதீர்கள், புல்லில் சரசரவென்று கேட்கும். துணி பேசாது. பழைய போலீஸ்காரர்கள் சுற்றின காலுறைப் பட்டி மாதிரி சுற்றினாலும் போதும்.

உள்ளே போடுகிற சாக்ஸ் வெறும் பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, கொப்புளம் அதில்தான் வரும். கம்பளி கலந்தது இரண்டு ஜோடி எடுத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுங்கள்.

பொருநைக்காரன்

இவ்வளவு பேசுகிறோம், இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள் வெறுங்காலில்தானே நடக்கிறார்கள்? மயிலாறு காணிக்குடியிருப்பில் ஒரு பெரியவரோடு தேன் எடுக்கப் போகிற பாதையில் கொஞ்ச தூரம் போனேன். அவர் எனக்கு முன்னால் பத்தடியில் நடக்கிறார், திரும்பிப் பார்த்தால்தான் இருக்கிறார் என்று தெரியும். சத்தமே கிடையாது. உண்மையிலேயே அமைதி வேண்டும் என்றால் வாத்தியார் பூட்டைக் கழற்றிவிட்டுப் பழகலாமே.

சேர்வலாறு

பொருநைக்காரன் தம்பி, அந்தப் பாதம் ஐந்து வயதிலிருந்து அந்தத் தரையில் வளர்ந்தது. ஒன்றரை மாதத்தில் வாத்தியாருக்கு அது வராது. முள்ளும் விரியனும் இருக்கிற காட்டில் அப்படிப் போகச் சொல்வது தப்பு, தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். காணிக்காரர்களிலும் வேட்டைத் தடுப்புக் காவலர் வேலைக்கு வந்தவர்கள் ஷூ போடத்தான் செய்கிறார்கள். அவர்கள் ஷூ போட்டும் சத்தமில்லாமல்தான் நடக்கிறார்கள், அதைக் கவனி.

அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது நடை. பாதத்தின் வெளி ஓரம் முதலில் தரையைத் தொடும். அப்புறம் உள்பக்கமாக உருளும். கடைசியில்தான் பாரம் இறங்கும். குதிகாலைக் குத்தி நடக்கவே மாட்டார்கள். நாலடி, நிற்பது. ஆறடி, நிற்பது. பிறகு இரண்டடி. காட்டில் ஒரே தாளத்தில் விடாமல் நடக்கிற பிராணி மனிதன் ஒருவன்தான், மான் நம்மைத் தெரிந்துகொள்வது அந்தத் தாளத்தில். நீ சுள்ளியை மிதித்துவிட்டால் அப்படியே நில். மேயும் மான் தானே சுள்ளியை முறிக்கும், ஒரு சத்தத்துக்கு ஓடாது. இரண்டாவது சத்தம் அதே தாளத்தில் வந்தால்தான் ஓடும். மிளா என்றால் முன்காலால் தரையைத் தட்டி ஒரு கத்துக் கத்தும், அதோடு அன்றைய பாதை முழுக்கக் கெட்டது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நேர்கோட்டுப் பாதைக் கணக்கின் அடிப்படையே அதுதான். மான் முதலில் நின்ற இடத்திலேயே நாம் அதைப் பார்க்க வேண்டும். அங்கிருந்துதான் தூரமும் கோணமும் அளக்கிறோம். நம் சத்தம் கேட்டு அது நகர்ந்த பிறகு பார்த்தால் தூரம் கூடும், காட்டில் இருப்பதைவிடக் குறைவான எண்ணிக்கை தாளில் ஏறும். கீச்சிடுகிற ஒரு பூட் ஒரு சரகத்தின் கணக்கையே கோணலாக்கும். 1988இல் களக்காட்டையும் முண்டந்துறையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், தமிழ்நாட்டில் அதுதான் முதல். புலிக்கு இரை எவ்வளவு இருக்கிறது என்பதே இந்த மான் கணக்கில்தான் தெரிகிறது.

ஆனால் இதையும் கேள். எப்போதும் சத்தமில்லாமல் போகக் கூடாது. கரடி இருக்கிற பாறைச் சந்து, ஈத்தல் புதர், பாதை திரும்புகிற இடம், அங்கெல்லாம் முன்னால் போகிற காவலர் வேண்டுமென்றே தொண்டையைக் கனைப்பார், கம்பால் கல்லைத் தட்டுவார். மான் ஓடினால் ஒரு எண்ணிக்கைதான் போகும். தூங்குகிற கரடி மேல் சத்தமில்லாமல் போய் நின்றால் முகம் போகும். நான் அப்படி ஒருவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். யானை இருக்கிற வாடை வந்தால் கணக்கை மூடிவிட்டுத் திரும்ப வேண்டும். எப்போது அமைதி, எப்போது கனைப்பு என்பதைக் காவலரிடம் விட்டுவிடு.

அம்பைவாத்தியார்

அண்ணாச்சி, படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மொட்டைமாடியில் நடந்து பழகுகிறேன், என் மகள் எண்ணிக்கொண்டு நிற்கிறாள். குதிகாலைக் குத்தாமல் 200 அடி நடந்தால் கெண்டைக்கால் இறுகிப் போகிறது.

தோல்கடை அண்ணாச்சி சொன்னபடி செய்தேன். பவுடர் போட்டதும் கீச்சு நின்றுவிட்டது. பள்ளத்தில் 17 கல் இருந்தது! ஆனால் அந்த பூட்டைக் காட்டுக்குக் கொண்டு போகப் போவதில்லை, பொதிகைப் பக்கம் மலையேறக் கூட்டாளிகள் கூப்பிடும்போது போட்டுக்கொள்கிறேன். ஹண்டர் ஷூ வாங்க வேண்டும். எந்த அளவு வாங்குவது? பாம்புக்கு அது போதுமா?

மேலப்பாளையம்தோல்

சாயங்காலம் கடைக்குப் போங்கள். காலையில் கால் சின்னது, நடந்து வீங்கின கால்தான் உங்கள் உண்மையான அளவு. காட்டில் போடப் போகிற அதே சாக்ஸ், அட்டைச் சாக்ஸ் இரண்டையும் கையோடு எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னால் தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். கட்டின பிறகு குதிகால் மேலே தூக்கக் கூடாது. இறக்கத்தில் கட்டைவிரல் முன்னால் முட்டினால் இரண்டாம் நாள் நகம் கறுத்துவிடும். எங்காவது சரிவான இடம் இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், கடைக்காரர் ஒன்றும் நினைக்க மாட்டார்.

வாங்கினதும் என்னிடம் கொண்டு வாருங்கள், எருமைத்தோல் தகடு நான் வெட்டித் தருகிறேன். புறப்படுவதற்கு முன் மூன்று வாரமாவது தினமும் போட்டு நடங்கள்.

வல்லநாட்டுக்காரி

பாம்புக்குக் கணுக்கால் மூடின கேன்வாஸும் மேலே தளர்வான பேன்ட்டும் ஓரளவு உதவும், முழுப் பாதுகாப்பு இல்லை. மிதிக்கிற இடத்தைப் பார்த்து மிதிப்பதுதான் உண்மையான பாதுகாப்பு, கட்டை தாண்டும்போது முதலில் கட்டை மேல் ஏறி அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்குவது. மெதுவாக நடந்தால் இது தானாக வந்துவிடும். முகாமில் காலையில் ஷூவைத் தலைகீழாகத் தட்டிவிட்டுத்தான் போட வேண்டும், தேள் உள்ளே படுத்திருக்கும்.

பொருநைக்காரன்

வெறுங்கால் யோசனையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் அண்ணாச்சி. சரியாகச் சொன்னீர்கள்.

காலணியைப் பற்றிப் பேசும்போது ஒன்று நினைவு வருகிறது. காரையாறு போகிற வழியில் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சன்னதிக்குத் தோல் செருப்பு காணிக்கை கொடுப்பார்கள், பார்த்திருப்பீர்கள். முத்துப்பட்டன் பிராமணனாகப் பிறந்து, பொம்மக்கா திம்மக்காவைக் கட்டுவதற்காகச் சாதியை விட்டு, மாமனாரோடு உட்கார்ந்து செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டவன். மாடு கவர வந்த கள்ளர்களோடு சண்டையிட்டு அந்தக் காட்டிலேயே செத்தவன். கட்டின செருப்பு அடுத்த ஆடி அமாவாசைக்குள் தேய்ந்திருக்கும், ராத்திரியில் அவன் போட்டுக்கொண்டு காடு முழுக்கக் காவல் சுற்றுகிறான் என்று என் ஆச்சி சொல்வாள். சின்ன வயதில் அந்தச் செருப்புகளின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வாத்தியார் முண்டந்துறைக்குப் போகும் வழிதானே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போங்கள்.

அம்பைவாத்தியார்

கணக்கெடுப்பு முடிந்து நேற்று ராத்திரி வந்தேன். முதலில் கால்: கொப்புளம் ஒன்றே ஒன்று, இடது சுண்டுவிரலில். நாலாம் நாள் சாக்ஸ் மாற்றச் சோம்பல்பட்டதால் வந்தது. அட்டை மொத்தம் 5 கடித்தது, எல்லாம் கழுத்திலும் கையிலும்தான், முழங்காலுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. மணிமுத்தாறு நண்பருக்கு நன்றி.

முதல் நாள் சேர்வலாற்றில் இறங்கினதும் ஷூ முழுக்க நனைந்தது. பழைய பூட்டாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். ராத்திரி செய்தித்தாள் திணித்து வைத்தேன், அடுப்புப் பக்கம் வைக்கவில்லை. காலையில் ஈரம் இருந்தது, ஆனால் காலுக்கு அது பழகிவிட்டது.

நேர்கோட்டுப் பாதையில் முதல் காலை நன்றாக இல்லை. ஆறரைக்குத் தொடங்கினோம். முதல் அரை கிலோமீட்டரில் ஒரு மந்தை ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, பார்க்கவில்லை. என் காலடிதான். காவலர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி என் ஷூவை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான். அப்புறம் அவர் கால் வைத்த இடத்திலேயே வைத்து, அவர் நின்றால் நின்று நடந்தேன். இரண்டாம் நாள் பனி நிறைய, இலையெல்லாம் ஈரமாகத் துவண்டு கிடந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் 11 புள்ளிமான், 42 மீட்டர். ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. அளந்து, திசைகாட்டியில் கோணம் எழுதி, நாங்கள் கடந்து போகிற வரைக்கும் மேய்ந்துகொண்டே இருந்தன. ஒன்பது மணிக்கு வெயில் ஏறினதும் அதே இலை அப்பளம் மாதிரி நொறுங்கியது. நல்லவேளை, பாதை அதற்குள் முடிந்திருந்தது.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில் காவலர் கையைப் பின்னால் நீட்டி நிறுத்தினார். வேர்களுக்கு நடுவில் ஆறடி தூரத்தில் ஒரு சருகுமான். முயலைவிடக் கொஞ்சம் பெரியது, உடம்பில் வெள்ளைக் கோடும் புள்ளியும். ஒரு காலைத் தூக்கிய மேனிக்கு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றது. நானும் ஒரு காலைத் தூக்கித்தான் நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

கரடிச் சந்தில் அவர் கனைத்ததும் கேட்டேன் அண்ணாச்சி. நீங்கள் சொன்ன அதே மாதிரி, கம்பால் கல்லில் இரண்டு தட்டு.

ஒன்று மனதை உறுத்துகிறது. என்னோடு வந்த காவலரின் ஷூ அடி இரண்டு இடத்தில் ஓட்டை. சுண்டுவிரல் முட்டுகிறது என்று அந்த இடத்தைக் கத்தியால் வெட்டிவிட்டிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டுதான் எனக்கு நடக்கக் கற்றுக் கொடுத்தார். கடைசி நாள் என் எருமைத்தோல் தகட்டை எடுத்துக் காட்டினேன், மடக்கி மடக்கிப் பார்த்தார், முள் ஏறாதா என்று இரண்டு தடவை கேட்டார். அந்த முகாமில் ஆறு பேர் இருக்கிறார்கள். எல்லோருடைய கால் அளவும் கேட்டு எழுதி வந்திருக்கிறேன்: 7 இரண்டு பேர், 8 மூன்று பேர், 9 ஒருவர். அளவு 9 ஆளுக்குக் கால் அகலம். ஷூ நான் வாங்கிவிடுகிறேன். மேலப்பாளையம் அண்ணாச்சி, ஆறு ஜோடித் தகடு வெட்ட எவ்வளவு நாள் ஆகும்? சரகர் அலுவலகத்தில் சொல்லித்தான் கொடுப்பேன்.

மேலப்பாளையம்தோல்

நாலு நாள் போதும். தோல் என் கணக்கு, கூலி வேண்டாம். ஷூவையும் கொண்டு வாருங்கள், உள்ளே வைத்துப் பார்த்துத்தான் ஓரம் சீவ முடியும். அளவு 9 ஆளின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து வாங்க முடியுமா?

சேர்வலாறு

அந்த முகாமுக்கு அடுத்த வாரம் நான் போகிறேன் தம்பி. பாதத்தை நான் வரைந்து வருகிறேன்.